இல்லாத காலின் நோவு

யாழ்ப்பாணத்து வடமராட்சியிலே, கரவெட்டியிலும் அதனையடுத்த துன்னாலை, நெல்லியடி, உடுப்பிட்டி முதலிய ஊர்களிலும் வீட்டுக்கு வீடு சென்று, ‘எப்படிச் சுகம்?’ என்ற வழக்கமான கேள்வியைக் கேட்டு, மரியாதைக்காகச் சொல்லப்படும் முதல் விடையோடு எழுந்துவிடாமல், கொடுத்த தேநீர் ஆறி முடியும்வரை விறாந்தையில் அமர்ந்திருக்கும் பொறுமை ஒருவருக்கு இருக்குமானால், ஆண்டுக்கணக்கான நோவு எத்தனை சரீரங்களில் ஓசையின்றிக் குடியிருக்கின்றது என்பதை அவர் அறிந்துகொள்வார். புகையிலைத் தோட்டத்திலும் வெங்காயப் பாத்தியிலும் குனிந்தபடியே ஆயுளிற் பாதியைக் கழித்தவருக்கு நாரிப்பிடிப்பு. நீரிழிவு முற்றியவருக்கு இரவானால் எரியத் தொடங்கும் உள்ளங்கால். பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் இடுப்பிற் சுமந்து இறக்கிய ஆச்சிக்கு முழங்கால். இவை எல்லாத் தேசத்துக்கும் பொதுவானவை. ஆனால் போர் கடந்துபோன இந்த மண்ணிலே இவற்றோடு இன்னும் இரண்டு சேர்ந்திருக்கின்றன: எடுத்தால் ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவிட்டமையால் உடம்போடு உடம்பாய்த் தங்கிவிட்ட ஷெல் துண்டுகளின் நோவும், மிதிவெடியிலே போய்விட்ட கால்களின் நோவும்.

இத்தகையோரைக் காணும்போது நாம் சொல்லும் வார்த்தைகள் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். ‘மனத்தைத் தளரவிடாதையுங்கோ’ என்போம். ‘எல்லாம் மாறும்’ என்போம். ‘இதைவிட மோசமாய் இருக்கிறவையை நினைச்சுப் பாருங்கோ’ என்று ஒரு தராசையும் நீட்டுவோம். அன்பினாலேதான் இவ்வாறு சொல்லுகிறோம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாறாது என்று தெரிந்துவிட்ட ஒன்றை மாறும் மாறும் என்று பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்த அன்பு ஒரு பாரமாகிவிடுகின்றது. வந்தவர் மனம் நோகக்கூடாதென்று அவர் சிரிக்கவேண்டியிருக்கின்றது. நெடுநாள் நோவுடையவர் திடசித்தத்தோடும் எதிர்காலத்தைப் பற்றிய நல்லெண்ணத்தோடும் வாழ்தல் சாத்தியமே. அப்படி வாழ்கிறவர்கள் நம் கண்முன்னே இருக்கிறார்கள். ஆனால் அது உபதேசத்தினால் வருவதன்று. எதனால் வருகின்றது என்பதை அறிய, நோவு என்பது யாது என்று முதலிற் சற்று விசாரிக்கவேண்டும்.

நோவு நமக்குப் பகையன்று என்று தம் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தவர் போல் பிராண்ட் என்ற வைத்தியர். ஆங்கில மிஷனரித் தம்பதியருக்கு மகனாக 1914 இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையிலே பிறந்து, 1946 இல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சத்திரசிகிச்சையாற் செம்மைப்படுத்தியவர் அவர். தொழுநோயாளரின் விரல்கள் அந்நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், உண்மை வேறு என்பதை அவர் அங்கே கண்டார். நோய் நரம்புகளை மரக்கச்செய்துவிடுவதால், கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தாலும் முள்ளேறிய பாதத்தோடு மைல்கணக்காக நடந்தாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. நோவு இல்லாமையே அவர்களுடைய அவயவங்களை அழித்தது. நோவை வரப்பிரசாதம் என்றே தலைப்பிலே குறித்து அவர் பிற்காலத்தில் ஒரு நூலும் எழுதினார்.

ஆனால் அந்த வரப்பிரசாதம் தன் காரியம் முடிந்த பின்னும் போகாமல் நின்றுவிட்டால்? காயம் ஆறி, எலும்பு பொருந்தி, தையலின் தழும்பும் வெளுத்த பின்னர் நோவு மாத்திரம் மூன்று மாதங்களுக்கு மேலாகத் தொடர்ந்தாலோ, போய்ப்போய்த் திரும்பி வந்தாலோ, வைத்திய சாத்திரம் அதனை நாட்பட்ட நோவு என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பிலே, 2022 இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது திருத்தத்தில், இதற்கெனத் தனியிடம் கொடுக்கப்பட்டிருக்கின்றது. வேறொரு நோயின் அடையாளமாக மட்டுமன்றித் தானே ஒரு நோயாகவும் அது ஏற்கப்பட்டுவிட்டது என்பது இதன் பொருள். கள்ளன் வந்துபோன இரவுக்குப் பின்னர் வளவுக்குள் ஒரு காவோலை விழுந்தாலும் எழுந்து நின்று குரைக்கும் நாயைக் கண்டிருப்போம். முள்ளந்தண்டிலும் மூளையிலும் உள்ள நரம்புகளும் ஒரு பெரிய ஆபத்தைக் கண்ட பின்னர் அவ்வாறே ஆகிவிடுகின்றன. குரைப்பு மெய், அது கேட்பவரின் நித்திரையைக் கெடுப்பதும் மெய், கள்ளன் மாத்திரம் இப்போது வளவில் இல்லை.

உடம்பிலிருந்து வரும் நோவுச் செய்தி முழுவதும் அப்படியே மூளையைச் சென்றடைவதில்லை என்பதையும், முள்ளந்தண்டிலே அதைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல வாயில் போன்ற ஓர் ஏற்பாடு உண்டு என்பதையும், ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இருவர் 1965 இல் எடுத்துரைத்தார்கள். அச்சமும் தனிமையும் நித்திரையின்மையும் அந்த வாயிலை அகலத் திறக்கின்றன. மனம் ஒன்றிய வேலையும் பிரியமானவரின் அருகிருப்பும் அதனை ஒடுக்குகின்றன. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையிலே கடுங்காயமுற்றுக் கிடந்த சிப்பாய்களிடம் நோவுக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டுப்பார்த்த ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க வைத்தியர், நால்வரில் ஏறத்தாழ ஒருவரே வேண்டும் என்றதைக் கண்டு வியந்து 1946 இல் எழுதினார். அவர்களுக்கு அந்தக் காயம் உயிரோடு வீடு திரும்புவதற்கு வழியாகத் தோன்றியது என்பது அவர் கொண்ட கருத்து. உழைத்துண்ணும் ஒருவனுக்கு அதே காயம் குடும்பத்தின் பட்டினியாகத் தோன்றுமானால் அது எத்துணை மடங்கு நோகும் என்பதைக் கரவெட்டியில் இருப்பவருக்கு விளக்கவேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னபின் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரில் எல்லாரும் அக்கா என்றே அழைக்கும் அந்த அம்மையார் இளவயதில் விறகு பொறுக்கப் போனவிடத்தில் மிதிவெடியில் இடதுகாலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். ஜெய்ப்பூர் கால் அணிந்து நடக்கின்றார். 1960களின் பிற்பகுதியில், பி. கே. சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் இராஜஸ்தானத்திலே சேர்ந்து ஆக்கிய இறப்பர்ப் பாதம் அது. சப்பாத்து வேண்டாமல் வெறுங்காலோடு வரம்பிலும் சேற்றிலும் நடக்கவும், சப்பாணிகட்டி இருக்கவும் இடங்கொடுப்பது. ஆகையால் நமது நாட்டு வாழ்க்கைக்கு இயைந்தது. வடமராட்சியிற் பெரும்போர் மூண்ட அதே 1987 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் அத்தகைய கால்களைச் செய்து கொடுத்து எத்தனையோ பேரை எழுந்து நடக்கவைத்திருக்கின்றது. ஆனால் அந்த அம்மையாருடைய நோவு இருக்கும் இடுப்பிலோ முழங்காலிலோ இல்லை. இல்லாத இடது பாதத்தின் பெருவிரலில் இருக்கின்றது. மார்கழி வாடைக்காற்றிலே அது முறுக்கி இழுக்கின்றதாம்.

“காலே இல்லை, பிறகு என்னெண்டு பெருவிரல் நோகும் எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது, தம்பி? விசர் எண்டு நினைப்பினம் எண்ட பயத்தில கனகாலம் ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்டிட்டன். பிறகு ஒருநாள் கிளினிக்கில ஒரு பிள்ளை, ‘எந்த விரல் அம்மா, மடங்கியிருக்கிற மாதிரியோ நிமிர்ந்திருக்கிற மாதிரியோ?’ எண்டு கேட்டுது. அண்டு இரவுதான் நான் நல்லா நித்திரை கொண்டனான்.”

அந்தப் பெண்பிள்ளை அன்று புதிய மருந்தொன்றும் கொடுக்கவில்லை. இருப்பினும் அந்த இரவு நித்திரை வந்ததற்குக் காரணம் இருக்கின்றது. போன அவயவத்திலே நோவு தோன்றுதல் பைத்தியமன்று என்பதைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுச் சத்திரவைத்தியர் அம்புறுவாஸ் பாரே எழுதிவைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே கையும் காலும் இழந்தவர்களைக் கவனித்த வியர் மிச்செல் 1871 இல் அதற்கு ஒரு பெயரும் இட்டார். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கு உரிய இடம் போவதில்லை. அங்கே அந்தப் பெருவிரல் இன்னும் இருக்கின்றது. மிதிவெடி வெடித்த கணத்தில் எப்படி முடங்கியதோ அப்படியே முடங்கியும் இருக்கலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் படித்துக் கலிபோர்னியாவிலே மூளையியல் ஆராய்ச்சி செய்யும் வி. எஸ். இராமச்சந்திரன் என்ற தமிழர் 1990களில் இதற்கு மிக எளிய உபாயம் ஒன்று கண்டார். ஒரு சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடியை இரு கைகளுக்கும் நடுவில் நிறுத்தி, உள்ள கையின் நிழலை இல்லாத கையின் இடத்திற் காணச்செய்து, உள்ள கையைத் திறந்து மூடச்சொன்னார். இறுக மடங்கி நோகின்ற இல்லாத கை விரிந்ததாகச் சிலருக்குத் தோன்றி நோவும் தணிந்தது. அமெரிக்காவிலே வோல்ற்றர் றீட் இராணுவ வைத்தியசாலையிற் கால் இழந்தவர்களிடம் இதனை நாளுக்கு 15 நிமிஷமாக நான்கு வாரம் செய்வித்து, பயன் உண்டென்று 2007 இல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. அக்காவுக்கு ஓரளவு பலித்தது. அவருடைய அறையிற் சுவரோடு சாத்திவைத்திருக்கும் நீளக் கண்ணாடி அலங்காரத்துக்கு உரியதன்று.

என்றாலும் கண்ணாடிக்கு முன்னர் அவருக்குக் கிடைத்த மருந்து, தாம் நம்பப்பட்டோம் என்ற ஆசுவாசமே. இதனை நான் மிகையாகச் சொல்லவில்லை. உலகெங்கும் நோவை ஆராயும் அறிஞர்களின் சர்வதேசச் சங்கம் 1979 இல் வகுத்த வரைவிலக்கணத்தை 2020 இலே திருத்தியபோது, ஒருவர் தமக்கு நோகின்றது என்று சொல்வாரானால் அச்சொல்லை மதிக்கவேண்டும் என்பதையும் அதன் குறிப்புகளிலே சேர்த்தது. நம்பாத இடத்தில் நோவாளி செய்யும் முதற் காரியம் தன் நோவை நிரூபிக்க முயல்வது. எழுந்து நடக்கக்கூடிய நாளிலும் படுத்தே கிடப்பது, சிரிக்கக்கூடிய வேளையிலும் முகத்தை இறுக்கி வைத்திருப்பது. நம்பப்பட்டவருக்கே அந்தப் பிரயாசையை விட்டு, செய்யக்கூடியது எது என்று பார்க்க மனம் வரும்.

நம் சமயத்தாருக்கு நன்கு தெரிந்த ஒரு வரலாறு உண்டு. சூலை நோயினால் வயிறு குடைந்து, சமண முனிவர்களின் மந்திரமும் மயிற்பீலியும் பயன்படாமற்போக, தாம் விட்டுப்போன தமக்கையார் திலகவதியாரிடம் இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து சேர்ந்த மருணீக்கியாரைப் பற்றிச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். அவரைத் திருநாவுக்கரசராக ஆக்கிய அந்த இரவை நாம் அற்புதமாக மாத்திரமே போற்றுகின்றோம். நான் அங்கே நெடுநேரம் நின்று பார்ப்பது திலகவதியாரையே. ‘எங்களை விட்டுப் போனதன் பலன்’ என்று அவர் கணக்குத் தீர்க்கவில்லை. தம்பியை ஏற்று, திருநீறு கொடுத்து, விடியுமுன் திருவலகும் மெழுக்கும் எடுத்துக்கொண்டு தாம் நாள்தோறும் செய்யும் திருத்தொண்டுக்குச் செல்கையில் அவரையும் உடனழைத்துச் சென்றார். ஊழ்வினை என்ற பெரிய தத்துவத்தை நோவாளியின் வாயை அடைப்பதற்கு எடுத்தாளுகின்ற வழக்கம் நம்மிடையே உண்டு. ‘எல்லாம் அவையவையின்ர வினை’ என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவோர் திலகவதியாரை நினைத்துக்கொள்வது நல்லது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், போர் நடந்த காலத்திலே இங்கேயே இருந்து மக்களுக்குச் சிகிச்சை செய்தவர். ஈழத்தமிழரின் உளக்காயங்களைப் பற்றி 1998 இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டவர். இழப்பும் பீதியும் இங்குள்ளோரிடம் பெரும்பாலும் தலையிடியாகவும் உடம்பு உளைவாகவும் விறைப்பாகவும் வெளிப்படுவதை அவர் விவரித்திருக்கின்றார். இதனை ‘எல்லாம் மனப்பிரமை’ என்பதற்கு ஆதாரமாகக் கொள்வது பெருந்தவறு. துக்கத்தினாற் கூடிய நோவும் நோவே. அதற்கு அவர் கைக்கொண்ட வழிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. மூச்சை அமைதிப்படுத்தும் பயிற்சியையும் சவாசனத்தையும் சொல்லிக்கொடுத்ததோடு, அவரவர் சமயத்தில் ஏற்கெனவே பழகிய திருவார்த்தையையே திரும்பத் திரும்ப மனத்தில் ஓதச் செய்தார்; சைவருக்குப் பிரணவமோ பஞ்சாட்சரமோ, கத்தோலிக்கருக்குச் செபமாலையோ, இஸ்லாமியருக்குத் திக்ரோ எதுவாயினும் ஆகலாம். அமெரிக்காவிலே மசாச்சூசெற்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையில் 1979 முதல் ஜோன் கபாட்-சின் என்பவர் நெடுநாள் நோவாளருக்குக் கற்பித்த தியானமும் நம் கீழைத்தேசத்துப் பௌத்த மரபிலிருந்து போனதே. தச்சன்தோப்புப் பிள்ளையாருக்கு முன்னே கண்மூடி நிற்கும் மூதாட்டி அப்போது தம்மை அறியாமலே தம் நரம்புகளுக்கும் ஒரு சிகிச்சை செய்துகொள்கின்றார் என்பதில் அவருடைய பக்திக்கு ஒரு குறைவும் இல்லை.

இனி, நாளை எவ்வாறு கழிப்பது என்னும் கேள்வி. அக்கா பனையோலைப் பெட்டி இழைப்பவர். முன்னர், நோவு குறைந்த நாள் கிடைத்தால், விட்டதையெல்லாம் பிடித்துவிடவேண்டும் என்ற ஆவேசத்திலே விடியலிலிருந்து பொழுதுபடும்வரை இழைத்துத் தள்ளுவாராம். அடுத்த இரண்டு நாளும் பாயில். நோவாளர் அநேகர் விழுகின்ற குழி இதுதான். விழ விழ, எழுந்திருக்கும் நாட்கள் குறைந்து, தசைகள் இளைத்து, அசைவதற்கே அச்சம் வந்துவிடும். இப்போது அவர் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வானொலி பாடிக்கொண்டிருக்கின்றது. இரண்டு பாட்டு முடிந்ததும், கையிலுள்ள ஓலை பாதியில் நின்றாலும் நிற்கட்டும் என்று வைத்துவிட்டு, கிணற்றடிவரை நடந்து செவ்வரத்தைக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வருகின்றார். நன்றாயிருக்கும் நாளிலும் அதே இரண்டு பாட்டு. நோகின்ற நாளிலும், முடிந்தால், அதே இரண்டு பாட்டு. “நோ வரமுதல் எழும்பவேணும், தம்பி. வந்தாப்பிறகு எழும்பினால் அண்டைக்கு முழுக்க அது சொல்லுறதைத்தான் நான் கேக்கவேணும்” என்றார். இயன்மருத்துவர்கள் பல அமர்வுகளிற் பழக்குவிக்கும் முறையும் இதுவே: நோவு நிறுத்தும்வரை செய்யாமல், அளவு வைத்துச் செய்து, அந்த அளவைச் சிறிது சிறிதாக உயர்த்துதல். வாரத்துக்கு இத்தனை பெட்டி என்று நெல்லியடிக் கடையொன்றுக்கு அவர் இப்போது வாக்குக் கொடுக்கத் துணிகின்றார். நாளைக்கென்று ஒரு வாக்கைக் கொடுக்க முடிவதே அவருக்கு நம்பிக்கை. நோவு ஒழிந்துவிடும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

பெரியவர்களின் வரலாறுகளிலும் இதே போக்கைக் காணலாம். வேலூரிலே பணிபுரிந்த மேரி வர்கீஸ் என்ற இளம் வைத்தியர் 1954 இல் மோட்டார் விபத்தொன்றில் முள்ளந்தண்டு நொறுங்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார்; இருந்தபடியே செய்யத்தக்க சத்திரசிகிச்சை தொழுநோயாளரின் கைச் சிகிச்சை என்பதைக் கண்டு சக்கர நாற்காலியில் இருந்தே அதைச் செய்தார்; பின்னர் அமெரிக்கா சென்று புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966 இல் வேலூரிலே அதற்கென ஒரு நிலையம் எழும்பக் காரணமானார்; 1972 இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். கரவெட்டி பெற்ற பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியும் உடல் நலிந்து நடமாட்டம் ஒடுங்கிய கடைசி ஆண்டுகளிலே எழுத்தையும் உரையாடலையும் விட்டாரில்லை. 2011 இல் மறைவதற்கு முந்திய ஆண்டில் கோயம்புத்தூரில் நடந்த செம்மொழி மாநாட்டுக்கும் போய்வந்தார். இவர்கள் வெறும் உற்சாகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களல்லர். தங்கள் சரீரம் விட்டுவைத்த அளவுக்குள் அடங்கும் வேலையைத் தேடிக் கண்டு அதற்குள் முழு மனத்தோடும் புகுந்தவர்கள்.

வீட்டிலுள்ளோர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ‘இன்னும் மாறேல்லையோ?’ என்று காலைதோறும் கேட்பதை விட்டு, ‘இண்டைக்கு என்ன செய்யப்போறியள்?’ என்று கேட்கலாம். எல்லா வேலையையும் பறித்து அவரைக் கதிரையில் இருத்திவைப்பது உபசாரமாகத் தோன்றினும் உபகாரமாகாது. மரக்கறி நறுக்குவதோ, கடைக் கணக்குப் பார்ப்பதோ, பேரப்பிள்ளைக்கு எழுத்துக் காட்டுவதோ அவருடையதாகவே இருக்கட்டும்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோவுக்குறைப்பு மாத்திரைகளை மருந்துக்கடையிலே கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்காக விழுங்குவது வயிற்றிற் புண்ணையும் சிறுநீரகத்துக்குச் சேதத்தையும் உண்டாக்கவல்லது. நரம்பிலிருந்து எழும் நோவுக்கு வைத்தியர் சிலவேளைகளில் அமிற்றிப்டிலின் போன்ற மருந்தைச் சிறிய அளவிற் கொடுப்பார். அது மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுவது என்று யாரோ சொல்லக் கேட்டு, ‘எனக்கென்ன விசரோ’ என்று மாத்திரைகளை வீசிவிட்டுத் துன்பத்தைத் திரும்ப வருவித்துக்கொள்வோர் பலர். அந்த மருந்துக்கு நரம்புகளின் கிளர்ச்சியைத் தணிக்கும் குணமும் உண்டு என்பதை அறிந்தால் அப்படிச் செய்யமாட்டார்கள். ஆனால் கவட்டுப் பகுதி திடீரென விறைத்தாலோ, சலம் மலம் அடக்க முடியாமற்போனாலோ, நோவோடு காய்ச்சலும் காரணமில்லாத மெலிவும் சேர்ந்தாலோ, அதைப் பழைய நோவென்று எண்ணி ஒருநாளும் பொறுத்திருக்கலாகாது.

மந்திகை ஆதார வைத்தியசாலைக்கோ வேறெந்தக் கிளினிக்குக்கோ போகின்றவர்கள், வரிசையிற் காத்திருந்து வைத்தியர் முன் அமரக் கிடைக்கும் அந்தச் சில நிமிஷங்களை ‘உடம்பெல்லாம் நோகுது, டொக்டர்’ என்ற ஒரு வாக்கியத்திலே செலவிட்டுவிடலாகாது. எந்த வேலையை நோவு தடுக்கின்றது, இரவில் எத்தனை தரம் எழுப்புகின்றது, பரியாரியாரின் எண்ணெயும் கசாயமும் உட்பட இப்போது எடுக்கின்ற மருந்துகள் எவை என்பவற்றை, வீட்டிற் படிக்கின்ற பிள்ளையொன்றைக் கொண்டு கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் முதல்நாளே எழுதுவித்துக்கொண்டு போவது நல்லது. எழுதுகின்ற அந்தப் பிள்ளைக்கும் தன் அப்புவுக்கோ ஆச்சிக்கோ எங்கே, எப்போது, எப்படி நோகின்றது என்பது அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தெரியவரும்.